இலை இல்லாத கிண்ணம்

அத்தியாயம் 6

பூட்டிய அறைக்கு வெளியே கண்ணாடியம்மா இன்னும் போனில்தான் இருந்தார்.

"காய்ச்சல் இறங்கிச்சா? சரி. டாக்டர் என்ன எழுதினாரோ அதை ஒழுங்காப் போடு. காய்ச்சலுக்குத் தனியா ஒரு மாத்திரையும் வாங்கிக்கோ. ஆபீஸைப் பத்திக் கவலைப்படாதே."

ஆபீஸ் என்பது இரண்டு மேசைகள். ஒன்று கண்ணாடியம்மாவுடையது. மற்றது போன மாதம்வரை வாலுடையது. இப்போது அதில் புதுசு உட்கார்கிறாள். படித்த பெண். சத்தம் போடாமல் தட்டச்சு செய்வாள். வால் ஸ்டூலுக்கு மாறியிருந்தான். இன்று புதுசுக்குச் சளிக் காய்ச்சல். அதனால்தான் இந்த வழக்குக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"எனக்குக் கால் பிசகினப்போ ஒரு போன் வந்துச்சா, மேடம்?"

"நீ என் கண்ணு முன்னாடிதானே நொண்டிக்கிட்டிருந்தே. உனக்கு எதுக்குப் போன்?"

போனை அவன் கையில் திணித்தார். "உள்ளே மணி அடிச்சா எனக்கு யோசனை அறுந்துபோகும். நீயே வச்சிரு."

கண்ணாடியம்மாவுக்கு ஐம்பது வயது. மூக்கில் இருப்பது கண்ணாடியா, தண்ணீர்க் குவளையின் அடிப்பாகமா என்று சந்தேகம் வரும். துப்பறிவதுதான் தொழில். வால் அவருடைய உதவியாள். யாரைத் தொடரச் சொன்னாலும் ஒட்டிக்கொண்டு போவதால் வந்த பெயர் என்று அவன் சொல்வான். அவனை வளர்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

அவர்களை வரவழைத்த கம்பெனி மேனேஜர் பூட்டைத் திறந்தார்.

நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னலை ஒட்டி வெள்ளை ஓடு பதித்த மேடை. மேடைமேல் வரிசையாகப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஆறிப்போன தேநீர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மூடி, அதன்மேல் வெந்த இலை. அதற்கும் பின்னால் ஒரு தகர டப்பா, அதில் காய்ந்த இலை. தரையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளைத் தொட்டி.

"இது எதுக்கு?" என்றான் வால்.

"துப்புறதுக்கு" என்றார் மேனேஜர்.

"சரியான இடம்தான் மேடம். நமக்குத் துப்பு தொட்டி தொட்டியா இருக்கு."

கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. புதுசு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று வாலுக்குத் தோன்றியது.

தேயிலைக் கம்பெனி அது. எந்தத் தோட்டத்து இலையை வாங்குவது, எதை எதோடு கலப்பது என்று ருசி பார்த்துச் சொல்ல இரண்டு பேர். அண்ணனும் தம்பியும். கம்பெனியில் பெரிய நாக்கு, சின்ன நாக்கு என்பார்கள். மேடையின் நடுவில் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்று இருந்தது. பெரிய நாக்குக்கு மட்டும்தான் அது. சின்ன நாக்கு நின்றுகொண்டே ருசி பார்ப்பார்.

இன்று காலை பெரிய நாக்கு அந்த நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். கண்ணில் மஞ்சள். ஈரல் அடிபட்டிருக்கிறது, எதனால் என்று தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போலீசுக்குப் போனாள். நாற்காலிக்கு ஆசைப்பட்டுக் கொழுந்தன்தான் விஷம் வைத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தாள்.

கொழுந்தன் இப்போது அவர்களோடு உள்ளே வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். அவர் தோளை உரசிக்கொண்டு இன்ஸ்பெக்டர்.

"சாயங்காலம்வரைக்கும் பார்ப்பேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் இவரைக் கூட்டிட்டுப் போயிடுவேன். கிண்ணத்தை வரிசை வச்சது இவர். தேநீர் ஊத்தினது இவர். வேற யார் கையும் படலை."

"எப்படிக் குடிப்பீங்க, காட்டுங்க" என்றார் கண்ணாடியம்மா.

சின்ன நாக்கு ஒரு கரண்டியை எடுத்தார். கிண்ணத்தில் தொட்டார். சர்ரென்று ஒரு உறிஞ்சல். வாய்க்குள் அலசினார். தொட்டியில் துப்பினார்.

"விழுங்க மாட்டீங்களா?"

"விழுங்கினா மத்தியானத்துக்குள்ள நாக்கு செத்துடும்மா. ஒரு கரண்டி, ஒரு உறிஞ்சல், ஒரு துப்பல். நல்லா இருந்தா கிண்ணத்தை முன்னாடி தள்ளுவோம். நல்லா இல்லைன்னா பின்னாடி இழுப்போம்."

"அப்ப தேநீர்ல விஷம் இருந்தா தொட்டிக்குத்தான் வயித்து வலி வரணும்" என்றான் வால்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். வால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கையில் இருந்த போன் அடித்தது. புதுசு. வால் வெளி நடைக்கு வந்தான்.

"அண்ணா, மேடம் இருக்காங்களா?"

"வேலையா இருக்காங்க. வேலைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுமில்லண்ணா. காய்ச்சலுக்குத் தனியா மாத்திரை வாங்கச் சொல்லியிருந்தாங்க. கடையில தரமாட்டேன்னுட்டாங்க. டாக்டர் எழுதின சளி மாத்திரைக்குள்ளேயே காய்ச்சல் மருந்தும் இருக்காம். பாரசிட்டமால். அதுக்கு மேல இன்னொண்ணு போட்டா அளவு கூடி ஈரலைப் பிடிச்சிக்குமாம். மேடம்கிட்ட சொல்லிடுறீங்களா?"

"உன் மாத்திரைக் கதையைச் சொல்லத்தான் அவங்க காது இருக்கா? தூங்கு."

வைத்துவிட்டான். உள்ளே வந்தபோது கண்ணாடியம்மா கேட்டார். "யாரு?"

"ராங் நம்பர்."

அவர் மேடையின் கோடியில் குனிந்திருந்தார். "வால், இங்கே வா. இந்த வரிசையில எது சேரலை?"

வால் பார்த்தான். எல்லாக் கிண்ணங்களும் ஏறக்குறைய நிறைந்திருந்தன. கோடியில் இருந்தது மட்டும் காலி. அதன் பின்னால் மூடி இல்லை. டப்பா இல்லை.

"இது அநாதை மேடம். இலையே இல்லாம பொறந்த டீ."

"துப்புற இடத்துல ஒருத்தர் ஒரு கிண்ணத்தை முழுசாக் குடிச்சிருக்கார்." கண்ணாடியம்மா விரலால் அடியைத் தொட்டார். பிசுபிசுத்தது. முகர்ந்தார். "எலுமிச்சை."

சின்ன நாக்கின் முகம் மாறியது. "அது அண்ணன் கேட்ட வெந்நீர். தொண்டைக்கு இதமா இருக்கும்னார். இந்த வாரம் பூரா நான்தான் ஊத்திக் கொடுத்தேன்."

"நீங்கதானா?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் சர்க்கரை.

"எலுமிச்சை வாசனை உங்களுக்கு வரலையா?" என்றார் கண்ணாடியம்மா.

"வந்துச்சு. கேட்டேன். கிண்ணம் கழுவுற சோப்பை மாத்திட்டாங்கன்னு சொன்னார்."

"நம்பிட்டீங்களா?" என்றான் வால்.

"அண்ணன் மூக்கு ஒண்ணு சொன்னா என் மூக்கு வாயை மூடிக்கும்."

கண்ணாடியம்மா நிமிர்ந்தார். "இந்த வாரம் வேற என்ன புதுசு?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் வாலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வேறு ஏதோ கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

சின்ன நாக்கு தயங்கினார். பக்கத்தில் போலீஸ் நிற்கிறது. அப்படியும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அண்ணன் இந்த வாரம் என்னை முதல்ல குடிக்கச் சொன்னார். இத்தனை வருஷத்துல அப்படிச் சொன்னதே இல்லை. நான் தள்ளின கிண்ணத்தை அவர் திருப்பி இழுக்கவும் இல்லை. வழக்கமா ஒரு வரிசைக்கு ஒன்பது சண்டை போடுவோம். இந்த வாரம் எல்லாத்துக்கும் சரின்னார்." கரண்டியை மேடையில் வைத்தார். "என் நாக்கை ஒத்துக்கிட்டார்னு நினைச்சேன்."

கண்ணாடியம்மா மேனேஜரிடம் திரும்பினார். "ருசி பார்க்கிறவருக்குச் சளி பிடிச்சா?"

"உள்ளேயே விடமாட்டோம். மூக்கு அடைச்சா நாக்கு வெறும் தோல்தான். அடுத்தவர் நாற்காலியில உட்காருவார். அதுவும் இந்த வாரம் வருஷக் கலவைக்கான தேர்வு. சளின்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே தம்பியை உட்கார வச்சிருப்போம்."

சுவரில் பெரிய நாக்கின் வெள்ளை அங்கி தொங்கியது. வால் கேட்காமலே பையில் கை விட்டான். கிழித்த பொட்டலங்கள் வந்தன. எலுமிச்சைப் படம். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் பவுடர். காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் என்று போட்டிருந்தது. கூடவே காலி மாத்திரை அட்டை ஒன்று. அதுவும் காய்ச்சலுக்கு.

"குப்பையைப் பையிலயே வச்சிருக்கார்" என்றான். "கூடையில போட்டா பக்கத்துல இருக்கிற மூக்கு கண்டுபிடிச்சிடுமே."

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "காய்ச்சல் மருந்தா? குழந்தைக்கே கொடுக்கிறது. இதுலயா ஈரல் போகும்? விஷத்தை இவர் வெந்நீர்ல கலந்திருக்கார். பவுடர் வாசனை அதை மறைச்சிருக்கு. எனக்கு வேலையைச் சுலபமாக்கிட்டீங்க."

சின்ன நாக்கு அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது.

காரில் கண்ணாடியம்மா வாய்விட்டு யோசித்தார். வால் ஓட்டினான்.

"அந்தாளுக்கு மூக்கு அடைச்சிருக்கு. சொன்னா தம்பி நாற்காலியில உட்காருவான். அதனால சொல்லலை. தம்பியை முதல்ல குடிக்கவிட்டு, அவன் தள்ளினதுக்கெல்லாம் தலையாட்டி, அவன் நாக்கைக் கடன் வாங்கி வேலை பார்த்திருக்கார். உடம்பு சுடறது தெரியக்கூடாதுன்னு பவுடரும் மாத்திரையும்."

"தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகணும்ங்கிற கேஸ்."

"ஊரே தம்பிக்குத்தான் பொறாமைன்னு பேசுது. பொறாமை நாற்காலிக்குக் கீழே நிக்கலை வால். மேலே உட்கார்ந்திருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா கணக்கு உதைக்குது. வாரம் முழுக்கச் சளி. பெண்டாட்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம இருந்திருப்பாளா? டாக்டர் சளிக்கு ஏதாவது எழுதியிருப்பாரே. ஆனா சளி மருந்துக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?"

வால் பிரேக்கில் காலை வைத்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

சொல்லலாம். தன் மூளையில் உதித்ததுபோல் சொல்லலாம். புதுசு தூங்கிக்கொண்டிருப்பாள்.

"மேடம், எனக்கு ஒண்ணு தோணுது. டாக்டர் எழுதுற சளி மாத்திரைக்குள்ளேயே காய்ச்சல் மருந்து இருக்கும். பாரசிட்டமால். அதோட இவர் மாத்திரை போட்டிருக்கார், பவுடரும் குடிச்சிருக்கார். ஒரே ஆள் மூணு சட்டை மாத்திக்கிட்டு உள்ளே போயிருக்கான். ஈரல் தாங்குமா?"

கண்ணாடியம்மா அவனைப் பார்த்தார். நெடுநாள் கழித்து அப்படிப் பார்த்தார். புதுசு வந்த பிறகு முதல் முறை. வாலுக்கு உடம்பு சூடேறியது. அடுத்த விநாடி கூசியது.

"இது உன் மண்டையில உதிச்சதா?"

"...புதுசு மண்டையில. நான் கொண்டுவந்து கொடுக்கிறவன்."

"எப்பச் சொன்னா?"

"ராங் நம்பர்னு சொன்னேனே, அப்ப."

அவர் திட்டவில்லை. கையை நீட்டினார். அவன் போனைக் கொடுத்தான். ஆஸ்பத்திரி டாக்டரிடம் நேராக விஷயத்தைச் சொன்னார். என்னென்ன பொட்டலம், என்ன அட்டை, எப்போதிலிருந்து. வைத்தார்.

"முறிவு மருந்து இருக்காம். உடனே ஏத்துறாங்களாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னாங்க." சன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஏன் அப்பவே சொல்லலை?"

"வயித்தெரிச்சல் மேடம். அதுக்கு எந்தக் கடையிலயும் மாத்திரை இல்லை."

"ஓட்டு. வேகமா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய நாக்கின் மனைவி ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில் சின்ன நாக்கும் இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்திருந்தார்கள். கொழுந்தனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பையை இன்னும் இறுக்கினாள்.

டாக்டர் இளம்பெண். பையை வாங்கி மருந்துகளை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் யார் கொடுத்தது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "மூணு வேளையும் என் கையாலதான். வேற யாரையும் கிட்டவே விடலை. சளி மாத்திரை, இருமல் மருந்து. காய்ச்சல் விடலைன்னு ராத்திரியில வீட்டுல இருந்த காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தேன்."

டாக்டர் சளி மாத்திரை அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் விரல் வைத்தார். "இதைப் படிச்சீங்களா? சளி மாத்திரைன்னு பேர். உள்ளே இருக்கிறதுல ஒண்ணு காய்ச்சல் மருந்துதான். எழுதிக்கொடுத்தவர்கிட்ட, வீட்டுல காய்ச்சல் மாத்திரையும் போடுறோம்னு சொன்னீங்களா?"

"காய்ச்சல் மாத்திரைதானே... அதைப் போய் எதுக்குச் சொல்லணும்?"

"அதைத்தான்மா சொல்லணும். அளவோட போட்டா அது நல்ல மருந்து. இவர் உடம்புக்குள்ள நாலு பக்கமும் வந்திருக்கு. உங்க அட்டை ரெண்டு, அவர் அட்டை ஒண்ணு, பவுடர்."

மனைவிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கொழுந்தனைக் கை காட்டினாள். "வெந்நீர் ஊத்தினது அவன்! அவருக்குப் பவுடர் வாங்கத் தெரியாது. அவன்தான் கலக்கிக் கொடுத்திருக்கான்! நாற்காலி எங்க வீட்டை விட்டுப் போகணும்னு எத்தனை நாளா கண்ணு வச்சிருந்தான்!"

"அதை அவரே சொல்லட்டும்" என்றார் டாக்டர். "முறிவு மருந்து ஏறிக்கிட்டிருக்கு. நினைவோடதான் இருக்கார். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் குடிச்சார், வேற ஏதாவது சாப்பிட்டாரான்னு எனக்கும் தெரியணும். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். கண்ணாடியம்மாவும் வாலும் வாசலில் நின்றார்கள். பெரிய நாக்கு கட்டிலில் சாய்ந்திருந்தார். தடித்த கழுத்து. மஞ்சளான கண்கள். கையில் ஊசி.

"பவுடர் யார் வாங்கினது? யார் கலக்கினது?"

மேனேஜர் வந்திருக்கிறாரா என்று பெரிய நாக்கு வாசலைப் பார்த்தார். வந்திருந்தார். பெரிய நாக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது."

"உங்க தம்பியா?"

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது.

"அப்ப தம்பின்னுதான் எழுதணும்" என்று இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

வாலுக்கு அந்த முதுகு நன்றாகப் புரிந்தது. மூக்கு அடைத்திருந்தது என்று சொல்வதைவிடத் தம்பி உள்ளே போவது அந்த முதுகுக்குச் சுலபம்.

சின்ன நாக்கு பெஞ்சிலிருந்து எழுந்தார். மேனேஜரைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். கண்ணாடியம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "அண்ணனுக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு, என்னைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்னு தெரிஞ்சா கம்பெனியில வச்சிருப்பாங்களா?"

"கஷ்டம்தான்."

அவர் தலையாட்டினார். இன்ஸ்பெக்டரிடம் போனார். "எழுதிக்கங்க சார். பவுடர் நான்தான் வாங்கினேன். நான்தான் கலக்கினேன். அண்ணனுக்குத் தெரியாது. இந்த வாரத் தேர்வெல்லாம் அவர் நாக்குதான். நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

மனைவியின் கையிலிருந்து பை நழுவியது.

"பொய்" என்றான் வால், காதோடு.

"தெரியும்" என்றார் கண்ணாடியம்மா. "நிரூபிக்க ஒரே வாய்தான் இருக்கு. அது சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கு. நான் கெஞ்சினாலும் திரும்பாது. இன்னிக்குக் காலையிலேர்ந்து அந்தப் பொறாமை நோய் யாருக்கு அத்துப்படி? நீ போ."

வால் உள்ளே போனான். கெஞ்சவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டூல் அவனுக்குப் பழகியதுதான்.

"உங்க தம்பி மனுஷனே இல்லைங்க."

முதுகு அசையவில்லை.

"தெய்வம். பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். உங்க பேருக்கு ஒரு கீறல் விழக்கூடாதாம். வெளியே நர்சம்மா கண்ணைத் துடைச்சிக்கிறாங்க. மேனேஜர் 'இப்படி ஒரு ஆளை இவ்வளவு நாளா நிக்க வச்சிட்டோமே'ன்னு உருகுறார். உங்க வீட்டம்மா இருக்காங்களே, அவங்களே அவரைக் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தாங்க."

கடைசி இரண்டும் பொய். மேனேஜர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்து மட்டும் திரும்பியது. "கும்பிட்டாளா?"

"கிட்டத்தட்ட. என்ன மனசுங்க! பொதுவா அண்ணன்தான் பெரிய மனசு, தம்பி சின்னது. உங்க வீட்டுல மாறிப்போச்சு."

மஞ்சள் கண்கள் விரிந்தன. பெரிய நாக்கு எழுந்து உட்கார்ந்தார். ஊசி இழுத்தது.

"சின்ன வயசிலேர்ந்து இதே வேலை அவனுக்கு! நான் சன்னல் கண்ணாடியை உடைப்பேன். இவன் போய் நான்தான்னு நிப்பான். அடியும் வாங்குவான், நல்ல பேரும் வாங்குவான். எங்கம்மா அவனுக்குத்தான் ஒத்தடம் கொடுப்பாங்க. எனக்கு என்ன மிச்சம்? இப்ப இதையும் அவனே எடுத்துக்கிறானா?" மூச்சு வாங்கியது. "கூப்பிடு எல்லாரையும்!"

எல்லாரும் வந்தார்கள். அவர் வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"பவுடர் நான் வாங்கினேன். நானே கலக்கினேன். ஒரு நாளைக்கு ஆறு பொட்டலம். நேத்து எட்டு. மாத்திரை தனி. இவ கொடுத்ததையும் முழுங்கினேன். எதையும் யார்கிட்டேயும் சொல்லலை. வேற எதுவும் சாப்பிடலை. என் மூக்கு வாரம் பூரா செத்துக்கிடந்துச்சு. ஒரு கிண்ணம்கூட எனக்கு ருசிக்கலை. எல்லாம் அவன் நாக்கு. போதுமா?"

டாக்டர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

"அப்ப தம்பி சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பச்சைப் பொய். அப்படியே எழுதுங்க. தம்பி பொய் சொன்னான், அண்ணன் உண்மையைச் சொன்னான். அந்த வரிசையில எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். மனைவி கொழுந்தனைப் பார்க்காமல், அவருக்கு வழி விட்டுச் சுவரோடு ஒதுங்கினாள். மன்னிப்புக்கு அவளிடம் அவ்வளவுதான் இருந்தது.

சின்ன நாக்கு கட்டிலருகில் வந்தார். போர்வையின் நுனியைச் சரிசெய்தார்.

"தொடாதே" என்றார் பெரிய நாக்கு. சாய்ந்துகொண்டார். களைத்திருந்தார். "தேர்வு இன்னும் எத்தனை வரிசை மிச்சம்?"

"ரெண்டுண்ணே."

"நாளைக்கு நீ போ. நாற்காலியில உட்காரு."

"நின்னே பார்த்துக்கிறேன் அண்ணே."

"உட்காருன்னா உட்காரு. அதுலயும் பெரிய மனுஷன் ஆகாதே." கண்ணை மூடினார். மறுபடி திறந்தார். "ஆனா கைப்பிடியில கை வைக்கக் கூடாது."